கழிமுகனைத் தேடி நான்கு நாள்

தஞ்சாவூரில் இறங்கியபோது என் பையில் மாற்றுத்துணியைவிட நாவல்களின் கனம்தான் அதிகம். மூன்று நாவல்கள். அதில் ஒன்று அரசர் காலத்துக் கதை, எழுநூறு பக்கம். முழங்கால் வலிக்காரியான நான் அதைச் சுமந்துகொண்டு வந்திருக்கவே வேண்டாம். பயணத்தில் இன்னொரு முறை படித்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு பொறுப்புணர்ச்சி. நான்கு நாளில் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை ஆண்டுதோறும் சிறந்த நாவலுக்கு விருது தருகிறது. நடுவராக இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். சும்மா இருப்பதற்குப் படிக்கலாமே என்று ஒப்புக்கொண்டேன். அந்த ஒரு வருடத்தில் நாற்பத்தொரு நாவல்கள் வீட்டுக்கு வந்தன. தமிழ் நாவலுக்கு அது நல்ல வருடம் என்று பத்திரிகைகள் எழுதின. இருக்கலாம். எனக்கு நினைவிருப்பது கண்ணுக்கு விட்ட சொட்டு மருந்துதான்.

ராஜாக்களைப் பற்றி மட்டும் பதினொரு நாவல்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரை நினைத்து எழுதியவை எட்டோ ஒன்பதோ. கணினிக் கம்பெனியில் வேலை போனவர்களின் கதை நான்கு. எழுதியவர்கள் போன் செய்வார்கள். "மேடம், நூத்திருபதாம் பக்கத்துக்கு அப்புறம்தான் சூடு பிடிக்கும், அவசரப்பட்டு வச்சிடாதீங்க" என்றார் ஒருவர். நூற்றிருபதாம் பக்கத்தைத் தாண்டினேன். சூடு பிடிக்கவில்லை.

நவம்பரில் பத்து நூல்கள் கொண்ட நெடும்பட்டியலை நான்தான் எழுதினேன். நாளிதழ்களில் வந்தது. பிறகு அது மூன்றானது. கடைசிக் கூட்டத்தில், ஒருபோதும் ஒத்துப்போகாத மற்ற இரண்டு நடுவர்களும் நானும் ஒரே புத்தகத்தின் மேல் கை வைத்தோம். நூற்றுநாற்பது பக்கம். மட்டமான தாள். அட்டைப்படம் பார்க்கச் சகிக்காது. பக்கத்துக்கு மூன்று எழுத்துப்பிழை. படித்து முடித்த அன்று நான் இரவுச் சாப்பாடு சமைக்கவில்லை.

நாவலின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. எழுதியவரின் புனைபெயரையும் மாற்றித்தான் சொல்கிறேன். கழிமுகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பெயர்களும் மாற்றியவை. அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கழிமுகனை யாருக்கும் தெரியவில்லை. சென்னையில் இருந்த பதிப்பாளர் இருநூறு பிரதி அச்சடித்தவர். தட்டச்சுப் பிரதி தபாலில் வந்தது, திருவிடைமருதூரில் ஒரு முகவரி தவிர வேறு எதுவும் தெரியாது என்றார். அந்த முகவரிக்கு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. விருது பெறுகிறவர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும், மேடைக்கு நேரில் வர வேண்டும் என்பது அறக்கட்டளையின் விதி. ஒரு வாரத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால் விருது அந்த எழுநூறு பக்க அரசருக்குப் போய்விடும்.

"உங்களுக்குத்தான் மேடம் நேரம் இருக்கு" என்றார் செயலாளர். ஓய்வு பெற்றவர்களிடம் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

கழிமுகன் ஓய்வுபெற்ற தமிழாசிரியராக இருப்பார் என்று ஒரு நடுவர் ஊகித்தார். வேட்டி, மூக்குப்பொடி, மனைவியை இழந்தவர் என்றெல்லாம் அடுக்கினார் இன்னொருவர். நானும் ஏறக்குறைய அந்த ஆளைத்தான் மனதில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாள் தஞ்சாவூரிலேயே போயிற்று. தை மாதம், சம்பா அறுவடை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் இரண்டு விவசாயிகள். "அஞ்சு நாளா கொள்முதல் நிலைய வாசல்ல காத்துக் கெடக்கேன். நெல்லுல ஈரம் கூடுதலாம். பனி பெய்யுறதுக்கு நானா பொறுப்பு?" என்றார் ஒருவர். மற்றவர் ரசத்தைப் பிசைந்தபடி, "நீ போய் வானத்துக்கிட்ட ஒரு மனு குடு" என்றார். இருவரும் சிரிக்கவில்லை.

எங்கள் ஊரில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் மேற்கே மலை தெரியும். அதை வைத்துத்தான் திசை பார்ப்பேன். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தரை அப்படியே போய் வானத்தைத் தொடுகிறது. மெஸ்ஸிலிருந்து நூறடியில் இருந்த லாட்ஜுக்கு இரண்டு முறை வழி தவறினேன். அறையில் படுத்தால் அடுத்த அறைத் தொலைக்காட்சி என் தலையணைக்குள் பேசியது.

மறுநாள் காலை கும்பகோணத்தில் இறங்கி இட்லி கேட்டேன். சாம்பாருக்குப் பதில் கடப்பா என்று ஒன்றை ஊற்றினார்கள். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, சோம்பு வாசனை. நான்கு இட்லி சாப்பிட்டேன். அந்தப் பயணத்தில் நான் முழு மனதோடு செய்த காரியம் அது ஒன்றுதான்.

திருவிடைமருதூர் முகவரி ஒரு ஜெராக்ஸ் கடை. கோயிலின் பெரிய மதிலுக்கு எதிர்ச்சந்தில் இருந்தது. வாசலில் சிட்டா, அடங்கல் என்று நிலச் சான்றுகள் எடுக்க வந்த கூட்டம். உளுந்துப் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்குகிறதாம். கணினிக்கு முன்னால் முப்பது வயதுப் பெண்மணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் லதா. ஒன்றரை மணி நேரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தேன். கூட்டம் குறைந்ததும், "கழிமுகன் சாரைப் பார்க்கணும்" என்றேன்.

"சாரா?" என்றார் லதா. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அது ஒரு அக்கா மேடம்."

மூக்குப்பொடி போட்ட தமிழாசிரியர் மனதிலிருந்து இறங்கிப் போக வேண்டியிருந்தது.

"முன்னாடி இங்க கவர்ன்மெண்ட் நர்ஸா இருந்தாங்க. எட்டு நோட்டு கொண்டுவந்து குடுத்தாங்க, டைப் அடிச்சுக் குடுன்னு. ஏழாவது நோட்டு அடிக்கும்போது நான் ஷட்டரை இறக்கி வச்சிட்டு அழுதேன்." சட்டென்று ஏதோ நினைவு வந்தவராக, "அதுல நெறைய தப்பு இருக்கும் மேடம். எல்லாம் நான் அடிச்ச தப்பு. அவங்களத் தப்பா நெனைச்சிராதீங்க" என்றார்.

கடிதங்கள் வந்து சேர்ந்தனவா என்று கேட்டேன். வந்தன, அவரிடம் கொடுத்தாயிற்று, படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். பெயரும் போன் நம்பரும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார் லதா. நான் எழுந்து பையைத் தூக்கத் தடுமாறியதைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"நாளைக்குப் புதன்கிழமை. ஊசி போடுற நாள். தரங்கம்பாடிப் பக்கம் போய்ப் பாருங்க. இதுக்கு மேல சொன்னா அவங்க என்னோட பேசமாட்டாங்க."

மூன்றாம் நாள் தரங்கம்பாடி பஸ், போய்ச் சேர்வதற்கு முன்பே வழியில் விழுந்தது. விழுந்தது என்றால் கவிழவில்லை. சாலையின் பாதியில் நெல் காயப் போட்டிருந்தார்கள். ஓட்டுநர் நெல்லை மிதிக்கக்கூடாது என்று ஓரம் ஒதுங்கினார். இடது பக்கச் சக்கரம் வாய்க்கால் கரைச் சேற்றில் இறங்கிவிட்டது. எல்லோரும் இறங்கினோம். நெல்லுக்குச் சொந்தக்காரப் பெண்மணி துடைப்பத்தோடு ஓடி வந்தார்.

"நெல்லு மேலயே வுட்டிருக்க வேண்டியதுதானே! ஆளைச் சாவடிக்கவா பாத்தே?"

"போன வாரம் நெல்லு மேல வுட்டதுக்குத்தான் கல்லை எடுத்துக்கிட்டு வந்தே!" என்றார் ஓட்டுநர்.

ஒரு டிராக்டர் வந்து இழுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை அந்தப் பெண்மணியே எங்களுக்கெல்லாம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஊசி போடும் நர்ஸ் எங்கே என்று கேட்டுக்கொண்டே போய், தரங்கம்பாடியை ஒட்டிய ஓர் ஊரின் அங்கன்வாடியில் அவரைக் கண்டுபிடித்தேன். நீலக் கரைப் புடவை. எதிரில் வரிசையாகத் தாய்மார்கள். குழந்தைகளின் அழுகை தெருமுனை வரை கேட்டது. கையில் கோப்போடு, கண்ணாடி போட்டுக்கொண்டு நான் வாசலில் போய் நின்றதும் அவர் எழுந்து நின்றார்.

"இன்ஸ்பெக்‌ஷனா மேடம்? ரெஜிஸ்டர் உள்ளதான் இருக்கு."

"இல்லீங்க. நான் கோயம்புத்தூர்லிருந்து வர்றேன். உங்களுக்கு ரெண்டு கடிதம் போட்டிருந்தோம்."

கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தார். "இன்னும் பதினாலு புள்ளைங்க இருக்கு" என்றார். "முடிச்சிட்டு வர்றேன். உக்காருங்க."

பதினான்கு குழந்தைகள் முடிய மதியம் தாண்டியது. எஸ்தர் என்று பெயர் சொன்னார். நாற்பதை நெருங்கும் வயது. ஒற்றை ஆளாய்த்தான் இருக்கிறார். தரங்கம்பாடிக் கோட்டைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்தோம். தன் டிபன் டப்பாவில் இருந்த எலுமிச்சைச் சாதத்தை மூடியில் பாதி எடுத்து வைத்து என் பக்கம் தள்ளினார். நான் விருது என்று தொடங்கினேன்.

"வேணாம் மேடம். வேற யாருக்காவது குடுத்துருங்க."

"மூணு நடுவரும் ஒத்துக்கிட்ட புத்தகம். அது எங்களுக்கு நடக்கவே நடக்காது."

"நீங்க படிச்சீங்கல்ல, அது போதும்." சாதத்தைக் கிளறிக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "அது கதை இல்ல மேடம்."

நாவலின் நடுவே ஒரு புயல் வருகிறது. உப்பளத்தை ஒட்டிய ஒரு வீடு. விடியும் நேரம், கூரை பிய்ந்து போயிருக்கிறது. வீட்டில் இருப்பவன், அவனுடைய ஒன்பது வயது மகள், சரியாக நடக்க முடியாத அவன் அம்மா, மூன்றே பேர்; மனைவி தாய்வீடு போயிருக்கிறாள். மகளுக்குக் காலில் மாவுக்கட்டு. அவனால் ஒருவரைத்தான் தூக்க முடியும். மகளைத் தூக்கிக்கொண்டு, புயல் முகாமாக இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறான். அம்மா ஒரு துணிப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, கிளம்பத் தயாராக, கதவு நிலையில் சாய்ந்து நிற்கிறாள். அவன் மதகடியில் ஒரு முறை நின்று, திரும்பி அவளைப் பார்க்கிறான். பிறகு ஓடுகிறான். அவன் திரும்பி வருவதற்குள் சுவர் விழுந்துவிடுகிறது. அம்மா வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள் என்றுதான் அவன் எல்லோரிடமும் சொல்கிறான். கடைசி வரை அப்படியே சொல்கிறான். ஏழாவது நோட்டு இதுதான்.

"எங்க அண்ணன்" என்றார் எஸ்தர். "எனக்கு அப்பா மாதிரி. வயல் வேலைக்கும் உப்பளத்து வேலைக்கும் போயி என்னை நர்சிங் படிக்க வச்சது அண்ணன்தான். புயலன்னிக்கு எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்துல டூட்டி. வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். கூப்பிடு தூரந்தான். அம்மா கையில பையோட நின்னதைப் பாத்தேன். அண்ணன் வந்து அம்மா வரமாட்டேன்னுட்டாங்கன்னு சொன்னப்ப நானும் ஆமாம்னு தலையாட்டிட்டேன். அன்னையிலேருந்து இன்னைக்கு வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல."

"அண்ணன் நாவல் படிப்பாரா?"

"பேப்பரே படிக்காது. பயம் அண்ணனுக்காக மட்டும் இல்ல. ஜெனி இருக்கா. அண்ணன் தூக்கிட்டு ஓடுன பொண்ணு. அன்னிக்குக் காய்ச்சல்ல கண்ணே தொறக்கல அவ. இப்ப நாகப்பட்டினத்துல காலேஜ் படிக்கிறா. விருது, போட்டோன்னு வந்தா அவ படிப்பா. தன்னைத் தூக்கினதாலதான் அப்பாயி செத்துச்சுன்னு அவளுக்குத் தெரியணுமா?"

அப்படியானால் ஏன் எழுதினீர்கள், ஏன் அச்சுக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"எழுதாம இருக்க முடியல. அச்சுக்குக் குடுத்தது..." டப்பாவை மூடினார். "இருநூறு காப்பிதானே மேடம். யாரு படிக்கப் போறான்னு நெனச்சேன்."

அந்த நேரத்தில் செயலாளர் போன் செய்தார். எழுந்து தள்ளிப் போய்ப் பேசினேன். ஆள் கிடைத்தாரா என்றார். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று பொய் சொன்னேன். "பேர் மட்டும் தெரிஞ்சாப் போதும் மேடம். அறிவிச்சிடலாம். மறைந்து வாழ்ந்த எழுத்தாளர்னு பேப்பர்ல நல்லா வரும். அறிவிச்ச பிறகு யார் மேடைக்கு வராம இருக்கப் போறா?" அவர் சொன்னதில் உண்மை இருந்தது என்பதுதான் பயமாக இருந்தது. நான் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், என் வேலை முடிந்தது, ஊருக்குப் போய்ப் படுக்கலாம். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

விருது வேண்டாம் என்று ஒரு வரி எழுதித் தருகிறேன் என்றார் எஸ்தர். வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அவருடைய பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, அவரே வேறு மாதிரி பேசினார்.

"நாளைக்கு லீவு போடுறேன். ஊருக்குப் போவோம். அண்ணன்கிட்ட நானே சொல்லிர்றேன். ஜெனிக்கு அடுத்த வருஷமோ அதுக்கு அடுத்த வருஷமோ எப்பிடியும் தெரியத்தான் போகுது. நீங்களும் வாங்க. தனியாப் போனா எனக்கு வாய் வராது."

மறுத்திருக்கலாம். எனக்கு அன்றைக்கு இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. வருகிறேன் என்றேன்.

நான்காம் நாள் நாகப்பட்டினத்தில் பஸ் மாறி வேதாரண்யம் பக்கம் போனோம். ஊர்ப் பெயர் வேண்டாம். எஸ்தர் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நெல் வயல் மறைந்து சவுக்கு வந்தது, சவுக்கு மறைந்து உப்பளம் வந்தது. வெயிலில் வெள்ளைப் பாத்திகள் கண்ணைக் குத்தின. ஒரு முறை மட்டும், "எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார். நாற்பத்தொரு நாவல் படித்தவள் நான். எனக்கும் தெரியவில்லை.

அண்ணன் பெயர் தானியேல். ஐம்பது வயதிருக்கும். சின்ன கான்கிரீட் வீடு, புயலுக்குப் பிறகு கட்டியது. எஸ்தர் என்னைக் கோயம்புத்தூர் சிநேகிதி, ஊர் பார்க்க வந்தவர் என்று அறிமுகப்படுத்தினார். "வாங்கம்மா, வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார் தானியேல். அண்ணி கொடுவா மீன் குழம்பு வைத்திருந்தார். கடலோரத்துக் கைப்பக்குவம், புளிப்பும் காரமும் எங்கள் ஊரில் வாய்க்காத அளவு. நான் மட்டும் சாப்பிட்டேன். எஸ்தர் சோற்றை அளைந்தார். எதிரில் உட்கார்ந்து தானியேல் தங்கையின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனிக்குப் பரீட்சை என்றார்கள், மழை தவறியதைப் பற்றிப் பேசினார்கள், ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசினார்கள். ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று. எஸ்தரின் வாய் வரவில்லை.

சாப்பிட்டதும் அண்ணி, பிரஷர் பார் என்று எஸ்தரை உள்ளே அழைத்துக்கொண்டு போனார். தானியேல் என்னிடம், "வாங்கம்மா, அளத்தைப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

வரப்பு மாதிரி ஒடுங்கிய மண் பாதை. அவர் முன்னால் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பாமலே கேட்டார்.

"நீங்க பரிசு குடுக்கிற எடத்துலேருந்துதானம்மா வந்திருக்கீங்க?"

நான் நின்றுவிட்டேன்.

"ஜெனி பேப்பர் கொண்டாந்து காட்டுச்சு. பத்துப் புத்தகம் போட்டு, கோயம்புத்தூர்னு இருந்துச்சு. அவ காலேஜ்ல அந்தப் பத்தையும் வாங்கி வச்சிருக்காங்க. ஒண்ணு நம்ம பக்கத்துக் கதைன்னு எடுத்துட்டு வந்தா. கிறிஸ்மஸ் லீவுல தெனம் சாயங்காலம் எனக்குப் படிச்சுக் காட்டுனா."

அந்தப் பட்டியல் நான் எழுதியது. என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சலிப்போடு, சீக்கிரம் முடித்தால் போதும் என்று எழுதியது. அது இந்த வீட்டுக்குள் வந்திருக்கிறது.

"புயல் வர்ற எடத்துல நிறுத்திட்டா. அப்பா, இது நாமதானான்னு கேட்டா. ஆமான்னேன். வேற என்னம்மா சொல்றது? புஸ்தகத்தை மூடிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. ரெண்டு நாள் என்கிட்ட பேசல. மூணாம் நாள் அவளா வந்து உக்காந்து மிச்சத்தைப் படிச்சா." அவர் குரல் ஒரே சீராக இருந்தது. "பேரு வேறயா இருந்தா என்னம்மா? அந்தப் பையைப் பாத்தவங்க மட்டும்தானே எழுத முடியும். இத்தன வருஷம் எஸ்தருக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்கு அது தெரியல."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"எப்படிம்மா? ஜெனியும் நானும் பேசி வச்சிருக்கோம், படிச்சதைக் காட்டிக்கக் கூடாதுன்னு. எஸ்தரு தாங்காது."

எஸ்தர் இவர்களுக்காக ஒளித்தார், இவர்கள் எஸ்தருக்காக ஒளித்தார்கள். நடுவில் நின்று இரண்டு பக்கத்து ரகசியத்தையும் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை. அதையே சொன்னேன்.

"நான் சொல்லக்கூடாதுங்க. நீங்கதான் சொல்லணும். அவங்க இன்னிக்கு அதைச் சொல்லத்தான் வந்தாங்க. மூணு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிடுவோம்."

அவர் குனிந்து ஒரு பிடி உப்பை அள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

பஸ் நிறுத்தம் ஒரு வேப்பமரம். எங்களை வழியனுப்பத் தானியேல் கூட வந்தார், என் பையைத் தூக்கிக்கொண்டு. தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. எஸ்தர் என் பக்கம் திரும்பி, முடியல என்பது போலத் தலையசைத்தார். பஸ் வந்து நின்றது. நான் ஏறுவதற்குப் படியில் கை வைத்தேன்.

"எஸ்தரு" என்றார் தானியேல். "போயி வாங்கிக்க."

"என்னதுண்ணே?"

"அவங்க குடுக்கிறத. ஜெனி படிச்சுக் காட்டுச்சு. முழுசாப் படிச்சுட்டோம்."

நடத்துநர், "ஏறுறீங்களா இல்லியா?" என்றார். போகலாம் என்று நான் கைகாட்டினேன். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அடுத்த பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான்.

எஸ்தர் மரத்தைப் பிடித்துக்கொண்டார். "ஜெனி?" என்றார்.

"ரெண்டு நாள் பேசல. இப்ப பேசுறா."

"உனக்குக் கோவமா?"

தானியேல் என் பையை மரத்தடியில் இறக்கி வைத்தார். "ஒண்ணு மட்டும் தப்பா எழுதியிருக்க" என்றார். "மதகடியில நான் திரும்பிப் பாக்கல எஸ்தரு. நேரா ஓடிட்டேன்."

"தெரியும்ணே. நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

"அப்புறம் ஏன் அப்படி எழுதுன? எனக்காகவா?"

"இல்லண்ணே" என்றார் எஸ்தர். "அம்மாவுக்காக."

தானியேல் அப்படியே சாலையோரத்தில் குந்திவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். எஸ்தர் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார், தொடவில்லை. நான் மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஒரு உப்பு லாரி போயிற்று. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள். யாரோ தானியேலைப் பார்த்து, என்னண்ணே ஒடம்பு முடியலையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

விருது விழா செய்தியில் வந்துவிட்டது. அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. எஸ்தர் வந்தார். தானியேல் வரவில்லை, ஜெனி வந்தாள். மேடையில் எஸ்தர் இரண்டு நிமிடம் பேசினார். ஜெராக்ஸ் கடை லதாவுக்கு நன்றி சொன்னார். எங்கிருந்து இந்தக் கதை கிடைத்தது என்று ஒரு நிருபர் கேட்டதற்கு, எங்க பக்கத்துல அடிக்கடி புயல் வரும் என்று மட்டும் சொன்னார். தானியேலும் ஜெனியும் எஸ்தரும் மூன்று பேருமாகச் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். அடுத்த வருடத்துக்கும் நடுவராக இருக்கச் செயலாளர் கேட்டார். முடியாது என்றேன். கண் சரியில்லை என்று காரணம் சொன்னேன்.

வேப்பமரத்தடியில் காத்திருந்த அன்று, அடுத்த பஸ்ஸில் இடம் கிடைத்தது. எஸ்தர் சம்மதக் கடிதத்தைத் தொடை மேல் வைத்து, குலுங்கும் பஸ்ஸில், கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். என்னிடம் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் தூங்கிப் போனார். அவர் தலை மெல்லச் சாய்ந்து என் தோளில் வந்து விழுந்தது. நாகப்பட்டினம் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. தோள் மரத்துப் போயிற்று, பிறகு வலித்தது, பிறகு எதுவும் தெரியவில்லை. நான் அசையவில்லை.